மீனைக் காக்க வந்த மின் நிறுவனம்

காவிரிப் படுகைக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாத மீன், கூன்முதுகு மஹசீர். 1946இல் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு எடை இருந்தது. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. நீலகிரி அடிவாரக் காடுகளினூடே ஓடும் மாயாறு அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று.

குற்றவாளி யார் என்றால், தோட்டா போட்டு மீன் பிடிக்கும் ஏழையை நோக்கியே அதிகார வர்க்கத்தின் விரல் நீளுகிறது. தோட்டாவுக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் முட்டையிட ஆற்றின் மேல்நோக்கி ஏறும் மீனின் வழியை மறித்தவை அணைகள். மணலைச் சுரண்டி விற்றது கொள்ளைக் கும்பல்.

இவற்றைவிட நூதனமானது 'பாதுகாப்பின்' பெயரால் நடந்தது. மேற்கு மலைத்தொடரில் அணை கட்டி மும்பைக்கு மின்சாரம் விற்ற டாடா நிறுவனம், லோனாவாலாவில் பொரிப்பகம் அமைத்து நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. காவிரிக்கு அந்நியமான அவ்வினம் காவிரியிலும் விடப்பட்டது. 1998 முதல் 2012 வரை தூண்டிலிட்டோர் குறித்து வைத்த கணக்குகளை ஆய்வாளர்கள் பரிசீலித்தபோது உண்மை வெளிப்பட்டது: விடப்பட்ட இனம் பெருகியிருந்தது, மண்ணின் இனம் அருகியிருந்தது. மொத்த மீன்வளம் கூடிவிட்டதென்று மகிழ்ந்திருந்த காலம் அது! கூன்முதுகு மஹசீரின் சரியான அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதிப்பட்டது. பெயர் தெரியாத உயிரைக் காப்பதாக விளம்பரம் மட்டும் தடையின்றி நடந்தது.

இப்போது மேகதாது. 2019 மதிப்பீட்டின்படி 9,000 கோடி ரூபாய், 67 டிஎம்சி. காவிரி வனவிலங்கு சரணாலயத்தின் பல ஆயிரம் ஏக்கர் காடு மூழ்கும். கர்நாடகத்தில் காங்கிரசும் பாஜகவும் இதில் மட்டும் ஒரே குரல். தமிழகத்தின் எதிர்ப்பு நியாயமானது. எனினும் அதுவும் டிஎம்சி கணக்கோடு நின்றுவிடுகிறது. ஆறு என்பது வெறும் தண்ணீர்த் தொட்டியா? ஒன்றிய அரசோ, 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, காடுகளைத் திறந்துவிட்டு, சட்டத்துக்குச் சமஸ்கிருதப் பெயரும் சூட்டியது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீர்நிலைகளின் மீன்மீது வனவாழ் மக்களுக்குச் சமூக உரிமையையும், நீராதாரங்களைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வழங்குகிறது. அந்த அதிகாரத்தைக் கேட்க வேண்டிய மாயாற்றங்கரையில், தெங்குமரஹாடா மக்களைக் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்துக் காட்டைவிட்டு வெளியேற்றும் திட்டம்தான் பேசப்படுகிறது.