முதல் மேடையும் சிறு விரல்களும்



மும்பை, பெங்களூரு, டெல்லி போன்ற பட்டணங்களில் வாழும் நம் விசுவாசக் குடும்பங்கள் பல, நெருக்கத்தின் மத்தியிலும் பிள்ளைகளைப் பியானோ வகுப்பிற்கு அனுப்புகின்றன. ஆண்டிறுதியில் ஆசிரியர் ஒரு மேடை நிகழ்ச்சியை ஒழுங்குசெய்வார். ஏழெட்டு வயதுப் பிள்ளை வாசிப்பது ஓரிரு நிமிடமே. ஆனால் கட்டின பணத்திற்கெல்லாம் அன்றைக்கே கணக்குக் கேட்பதுபோல் வீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருப்பதுண்டு. அந்த முகங்களைக் கண்டே பிள்ளையின் விரல்கள் விறைத்துப்போகின்றன.

1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்த்தரின் ஆலயத்துப் பாட்டுகளைப் பயின்றவர்கள் 288 பேர். அவர்களுக்கு முறை குறிக்கச் சீட்டுப் போட்டபோது, சிறியவரென்றும் பெரியவரென்றும், ஆசிரியரென்றும் மாணவரென்றும் வேறுபாடு பார்க்கப்படவில்லை. தேறினபின் வா என்று கற்கிறவனை ஒருவரும் வெளியே நிறுத்தவில்லை.

ஜெபித்து அனுப்புவது நலம். ஆயினும் ஜெபம் பயிற்சிக்குப் பதிலாகாது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 61 கட்டைகளுள்ள கீபோர்டு. மேடையிலோ 88 கட்டைகளுள்ள பியானோ. அதன் கட்டைகள் கனமானவை; மிக மெல்லத் தொட்டால் சத்தமே எழும்பாது. ஆகவே ஒருமுறையாவது அந்தப் பியானோவிலேயே வாசித்துப் பார்க்க முன்னதாக அனுமதி கேளுங்கள். கால் தரைக்கு எட்டாவிட்டால் கீழே சிறு பலகை வையுங்கள். கால் தொங்கினால் உடல் நிலைகொள்ளாது. தவறு நேர்ந்தாலும் நிறுத்தாமல் மேலே செல்ல வீட்டிலேயே பழக்குங்கள்.

பாடலும் நன்றாய்ப் பழகின எளியதாயிருக்கட்டும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் ஆனந்த மெட்டு ஏறக்குறைய ஐந்து விரல்களுக்குள் அடங்கிவிடும். உலகப்பாட்டு என்று அதைத் தள்ளவேண்டாம். 1824-இல் அரங்கேறிய அந்த மெட்டிற்குப் பின்னாளில் ஆங்கிலத் துதிப்பாடல் எழுதப்பட்டு, இன்றும் சபைகளில் பாடப்படுகிறது.

ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். பிள்ளை தடுமாறினதும், "சத்துரு தடைபண்ணிவிட்டான்" என்று சொல்லும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது ஆவிக்குரிய பேச்சல்ல. பியானோவின் முன் உட்காரும்போதெல்லாம் பிள்ளை பிசாசை எண்ணி நடுங்கும். பின்பு வகுப்பிற்கே போகமாட்டேன் என்னும். எட்டு வயது விரல் இன்னும் பழகவில்லை, அவ்வளவே.

திரும்பும் வழியில், ரயிலிலேயே விசாரணையைத் தொடங்காதிருங்கள். வாசிக்கையில் எந்த இடம் பிடித்திருந்தது என்று கேளுங்கள். சபையிலும் வாசிக்கப் பிள்ளையே விரும்பினால், உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். காணிக்கை வேளையில் இரண்டு நிமிடம் ஒதுக்குவது எந்தச் சபைக்கும் பாரமல்ல.