தளை நீங்கியபின் தரவேண்டியது

அடிமைத்தளையைச் சட்டம் ஒரே நாளில் அறுத்துவிடலாம். அறுபட்டவனை நிமிர்ந்து நிற்கச் செய்யச் சட்டம் மட்டும் போதாது. காணி, வாக்கு, கல்வி ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றனுள் எது நிலைத்து நிற்பது என்பதை இவ்விழா மலரில் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் முடிவில் ஏறக்குறைய 40 இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். தென்கரையோரத்தில் குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கிய காணி, 1865ஆம் ஆண்டிலேயே பழைய உடைமையாளரிடம் மீளலாயிற்று. 1870இல் ஆடவர்க்குக் கிடைத்த வாக்குரிமையையும், 1877இல் புனரமைப்புக் காலம் முடிந்தபின் தென்மாநிலங்கள் படிப்படியாகப் பறித்தன. அக்காலத்தில் எழுந்த கல்விக்கூடங்களோ அழிந்தில. 1867இல் தோன்றிய மோர்ஹவுஸ் கல்லூரியிலேதான் மார்ட்டின் லூதர் கிங் பயின்று, 1948இல் பட்டம் பெற்றார். வாக்குரிமையை உறுதிசெய்யும் சட்டம் 1965இல் வந்தது.

இனி எமது கந்தப்பளை மலைகளை நோக்குவோம். இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. அக்காலத்திலேயே கோப்பித் தோட்டங்களை நோக்கித் தென்னிந்தியத் தொழிலாளர் மலையேறினர். பெயரளவில் அவர் அடிமையர் அல்லர். ஆயினும் கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகி அவரைப் பிணித்தது. கடன்தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டின்றி வேறு தோட்டம் புகுதல் அரிது. கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபோதும் லயம் மாறவில்லை. அத்துண்டுமுறை 1921இலேதான் ஒழிந்தது.

1947இல் நுவரெலியாத் தொகுதி மக்கள் சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றம் அனுப்பினர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களுட் பெரும்பாலாரை வாக்கற்றவராக்கின. சுதந்திரம் பெற்ற இளநாடு தன் ஏற்றுமதிச் செல்வத்தை ஈட்டித் தந்தவரையே புறந்தள்ளியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1977, 1983 வன்செயல்களுக்கு அஞ்சி வன்னி சென்றோரை அங்கும் போர் தொடர்ந்து, 2009இலேதான் ஓய்ந்தது. பறிபோன பிரசாவுரிமை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் மீண்டது. காணியுறுதியோ இன்றும் லயத்துக் குடும்பங்கள் பலவற்றின் கைக்கு எட்டவில்லை.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே. காணியையும் வாக்கையும் ஒரு கையெழுத்து பறித்துவிடும். கற்றதைப் பறிக்க எக்கையெழுத்தாலும் இயலாது. தோட்டத்துப் பள்ளியில் எழுத்தறிந்து, பின்னர் ஆசிரியராய்த் திரும்பி வந்தவர்களே இம்மலைகளில் உரிமைக்கு மொழி தந்தனர்.

"கற்றவர் தோட்டத்தை விட்டு நீங்குகின்றனரே, பயன் என்ன?" என்று வினவுவோர் உளர். தொழிலாளியின் மகன் தொழிலாளியாகவே இருத்தல் வேண்டும் என்பதும் ஒருவகைத் 'துண்டு' அன்றோ? நீங்குவதும் திரும்புவதும் அவன் விருப்பமாதலே விடுதலையாகும். கல்வி போதும், காணி வேண்டா என்றும் நாம் கூறவில்லை. காணியைக் கேட்டுப் பெறும் வலிமையைக் கல்வியே தரும் என்கின்றோம்.

ஆதலின் பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவது இது. விழா நினைவாக அலங்கார வாயில் ஒன்றை எழுப்புவதிலும், தொலைதூரத் தோட்டங்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டு நனைந்து வரும் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் அமைத்துக் கொடுப்பதே சிறந்த நினைவுச்சின்னமாகும். மாணவர்காள், நுமக்கும் ஒரு சொல்: கற்றபின் நும் லயத்துக் குழந்தை ஒன்றன் கையையேனும் பற்றிப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். இந்நாட்டின் புனரமைப்பு அங்கேதான் தொடங்குகிறது.