எங்க சளி, உங்க கமிட்டி

எங்க நைனா 2003இல் டி.பி.யில் செத்தார். கல்குவாரியில் கல் உடைத்த மனுசன். சாகும்போது 35 கிலோ. ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கையில் தராமல் மேசை ஓரத்தில் வைப்பார்கள். நோய்க்கு ஒதுங்கினார்களா, சாதிக்கு ஒதுங்கினார்களா, அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. "முட்டை, பால் சாப்பிடணும்பா" என்று புத்தி மட்டும் தாராளமாகச் சொன்னார்கள். எங்கம்மா கேட்டாள்: "மாத்திரய அவுங்க குடுத்துட்டாங்க. முட்டய யாரு குடுப்பா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சென்னை சேத்துப்பட்டில் போய் நிற்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் கூடி அங்கே காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதிக்கு சானடோரியம், மறு பாதிக்கு வீடு. மருந்து ஒன்றே. குடிசை நெரிசலில் அரை வயிற்றோடு கிடந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சை உலகமெங்கும் பரவியது. இதை நான் குறைத்துப் பேசவில்லை. படுக்கை கிடைக்காத ஏழைக்கு அது உயிர் கொடுத்தது.

ஆனால் அதே ஆய்வை வைத்து 1961இல் இன்னொரு கட்டுரை: மருந்து ஒழுங்காகப் போனால், குணமாவதற்குச் சாப்பாடு முக்கியமில்லை. விஞ்ஞானம் சொன்னது அவ்வளவுதான். அதிகாரத்தின் காதில் விழுந்ததோ, 'இவனுக்குச் சோறு போட வேண்டியதில்லை' என்பது. எங்கள் பட்டினியே எங்களுக்கு எதிரான சாட்சியாயிற்று.

பிறகு ஜார்க்கண்ட். 2019 முதல் 2022 வரை நான்கு மாவட்டங்களில், 2,800 நோயாளிகளின் வீடுகளில் ஓர் ஆய்வு. சேத்துப்பட்டு மையத்தின் வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் உண்டு. எல்லா நோயாளிக்கும் உணவு. பாதி வீடுகளில் குடும்பத்துக்கும் அரிசி, பருப்பு. 2023இல் முடிவு: அரிசி பருப்பு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எங்கம்மா வாசலில் உட்கார்ந்து கேட்டதற்கு 'லான்செட்' இதழில் பதில்! மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கியதே 2018இல்தான். 2024 நவம்பரில் அது 1000 ஆனது.

தமிழ்நாட்டில் 2022 முதல், நோய் கண்டதும் எடை, மூச்சு, எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். ஆராய்ச்சி நிறுவனங்களும் அரசும் கைகோத்தால் நடக்கும் என்பதற்கு இது சாட்சி. நைனாவை அன்றைக்கு இப்படி எடை போட்டிருந்தால்?

ஆகவே, நண்பர்களே, கூட்டு ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யாருடைய கூட்டு என்று கேட்கிறேன். 1956இல் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவை நான்கு நிறுவனங்கள். சளியைக் கொடுத்தவனுக்கு நாற்காலி கிடையாது. சேரியிலும் மலையிலும் உடம்பு எடுக்கிறீர்கள். கேள்வியை மட்டும் ஏன் அங்கிருந்து எடுப்பதில்லை?

ஒருங்கிணைப்புக் குழுவில் இருமினவர்களை உட்கார வையுங்கள். ஆய்வுப் படிவத்தில் சாதியையும் தொழிலையும் எழுதி, யார் சாகிறார்கள் என்று வெளியில் சொல்லுங்கள். முடிவு வந்த நாளிலிருந்து எத்தனை மாதத்தில் அது எங்கள் தட்டுக்கு வரும் என்று முதல் நாளே கையெழுத்துப் போடுங்கள்.

இருமல் எங்களுதுன்னா, கேள்வியும் எங்களுதுதான்.