ஆயில் டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் பாடம்



போன வாரம் 98-ஆம் வருஷ பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சண்டை ஓடியது. செகண்ட் ஹேண்டில் ஆடி வாங்கிய ஒருவன், "இதுக்கு எந்த சிந்தெடிக் ஆயில் நல்லது?" என்று கேட்டான். ஒருத்தன் காஸ்ட்ரால் எட்ஜ் என்றான். இன்னொருத்தன் மொபில் 1 என்றான். மூன்றாவது ஆள் மோட்டுல், நான்காவது ஆள் லிக்வி மோலி. "நம்மூர் வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் ஆகாது, கெட்டியா 20 டபிள்யூ 50 ஊத்து" என்று ஒரு மெக்கானிக் தம்பி முடித்து வைத்தான். எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

டீச்சருக்கும் என்ஜின் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு ஸ்கோடா நிற்கிறது. அதன் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் நான்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: "எந்தக் கம்பெனி ஆயில்?" என்பது தப்பான கேள்வி. "என் வண்டி எந்த எண் கேட்கிறது?" என்பதுதான் சரியான கேள்வி.

உங்களுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். ஜெர்மன் பையர் ஒருவர் டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கிறார். டெக் பேக்கில் கவுண்ட், ஜிஎஸ்எம், கலர், தையல் நூல் வரைக்கும் எழுதியிருக்கிறார். நீங்கள் "அதைவிட ஒஸ்தித் துணி போட்டேன், விலையும் ஜாஸ்தி" என்று வேறு ஜிஎஸ்எம்மில் அனுப்பினால் வாங்குவாரா? கண்டெய்னரோடு ரிஜெக்ஷன்தான். ஐரோப்பியக் கார் கம்பெனிகளும் அதே ரகம். என்ஜினைச் செய்தவன், அதற்குள் ஊற்ற வேண்டிய ஆயிலுக்கு ஒரு டெக் பேக் எழுதி, அதற்கு ஒரு எண்ணும் கொடுத்திருக்கிறான்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் ஒரே குடும்பம். அவர்களுக்கு 502 00, 504 00, 507 00, 508 00 என்று எண்கள். மெர்சிடிஸுக்கு 229.5, 229.51, 229.52. பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04. இவை பட்டம் பதவி இல்லை, பெரிய எண் என்றால் ஒஸ்தி என்று நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் 508 00 என்பது மெல்லிய 0 டபிள்யூ 20 ஆயில். அதற்கென்று வடிவமைத்த என்ஜினுக்குத்தான் அது. 502 கேட்கும் பழைய என்ஜினில் "புதுசு, விலை ஜாஸ்தி" என்று அதை ஊற்றினால், பேரிங்குக்குத் தேவையான தடிமன் கிடைக்காது. காசும் கொடுத்து, கெடுதலும் வாங்கியது போல ஆகும்.

இப்போது அந்த மெக்கானிக் தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். நம்மூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரியா?

5 டபிள்யூ 30 என்பதில் டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் தடிமனுக்கு. திருப்பூரில் ஏது பனி என்று கேட்பீர்கள். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்குள் ஆயில் 30 டிகிரியில் இருக்கும். என்ஜினின் கணக்குப்படி அதுவே குளிர்தான். சாதாரண 5 டபிள்யூ 30 ஆயிலின் தடிமன் 100 டிகிரியில் சுமார் 12 என்றால், 40 டிகிரியில் சுமார் 70. ஏறக்குறைய ஆறு மடங்கு. 20 டபிள்யூ 50 ஆயிலோ அதே 40 டிகிரியில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் டர்போவுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் ஆயில் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதில்தான் என்ஜினின் ஆயுள் இருக்கிறது. ஓடிச் சூடான பிறகு, என்ஜினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. மூனிச்சில் ஓடினாலும் முத்தூரில் ஓடினாலும் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

அந்தத் தம்பி சொன்னது பொய் இல்லை. அவன் தொழில் கற்ற அம்பாசடர் காலத்து என்ஜினுக்கு அது சரி. உங்கள் மேனுவலிலேயே 5 டபிள்யூ 30, 5 டபிள்யூ 40 இரண்டும் போடலாம் என்று இருந்தால், நம்மூர் வெயிலுக்கு 40-ஐ எடுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மேனுவல் போட்ட கோட்டுக்குள்ளே நின்றுதான் அந்தத் தேர்வு.

அடுத்தது, டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பிஎஸ்-6 வந்தது. டீசல் கார்களின் புகைப் பாதையில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி வந்தது, டிபிஎஃப் என்பார்கள். அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். ஆனால் என்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற மருந்துகள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். பாய்லருக்கு விறகு போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை: கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. சாம்பல் சேரச் சேர வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றப் போனால் பில் லட்சத்தைத் தொடும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் ஏசிஇஏ தரத்தில் 'சி' என்று தொடங்கும் வகைகள் அவை. சி2, சி3 என்று டப்பாவில் இருக்கும். மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, ஃபோக்ஸ்வாகன் 507 00 எல்லாம் அந்த வழிதான்.

முன்பு பிஎஸ்-4 எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம். அதற்கு முன்னால் இன்னும் அதிகம். கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தைச் சமாளிக்க மருந்து அதிகமுள்ள ஆயில்தான் தேவைப்பட்டது. இப்போது கந்தகம் 10 பங்குதான். ஆகவே பத்து வருஷத்துக்கு முன்னால் நல்ல யோசனையாக இருந்தது, இன்றைக்கு உங்கள் புது டீசல் வண்டிக்கு நல்ல யோசனை இல்லை.

'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற வார்த்தையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் செயற்கையாகக் கட்டுவது ஒரு வகை. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் ஏற்றிக் கடுமையாகச் சுத்திகரிப்பது இன்னொரு வகை. இரண்டாவதை சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்தது. 1999-ல் விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு, சொல்லலாம் என்று காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அதன் பிறகு இரண்டுமே அந்தப் பெயரில் விற்கின்றன. இரண்டாவது வகை மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதிலும் அருமையான ஆயில்கள் உண்டு. அந்த வார்த்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்கிறேன். காங்கயத்துத் தேங்காய் எண்ணெய் என்றால்கூட டப்பாவைத் திருப்பி அக்மார்க் இருக்கிறதா என்று பார்க்கிற நீங்கள், லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய வண்டிக்கு ஏன் பார்ப்பதில்லை?

பின்பக்கத்தைப் படிக்கும்போது வார்த்தைகளைக் கவனியுங்கள். 'அப்ரூவ்டு', 'அப்ரூவல்' என்று போட்டு எண் இருந்தால், கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்', 'ரெக்கமெண்டட் ஃபார்' என்று இருந்தால், ஆயில் கம்பெனி தானே தனக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ். 'ஓகோ-டெக்ஸ் சர்டிஃபிகேட் இருக்கு' என்பதற்கும் 'ஓகோ-டெக்ஸ் தரத்துக்கு ஈடான துணி' என்பதற்கும் உள்ள வித்தியாசம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண்ணுக்கே தெரியும். ஒரே பிராண்டில், ஒரே 5 டபிள்யூ 30-ல் நாலு விதமான டப்பா இருக்கும். முன்பக்கம் ஒன்று போலவே இருக்கும், பின்பக்க எண்கள் வேறு வேறாக இருக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் ஆயில் மட்டும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தான். முதலாளியின் ஜெர்மன் வண்டிக்கு ஆயில் மாற்ற, "குறைச்சலா முடிச்சுட்டு வா" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். அவனும் எங்கே குறைச்சலோ அங்கே மாற்றிக்கொண்டு வந்தான். மூன்றாவது வருஷம் பெருமாநல்லூர் ரோட்டில் வண்டி நின்றது. என்ஜினைத் திறந்தால் உள்ளே தார் மாதிரி கசடு. "டிரைவர் ஆயிலைக் கவனிக்கலை" என்று அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் வேலையும் போனது. எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று அவனிடம் யாரும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுத்ததில்லை. பையர் அப்ரூவல் எழுத்தில் வராமல் கட்டிங் போடாத ஊர் இது. டிரைவருக்கு மட்டும் வாய்மொழி உத்தரவு, தப்பு நடந்தால் அவன் தலையில். இது நியாயம் இல்லை, கண்ணுகளா. உங்களில் முதலாளிகளாக இருப்பவர்களுக்கு இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

இனி, செய்ய வேண்டியது:

1. மேனுவலில் ஆயில் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். தடிமன் எண், ஒப்புதல் எண், எத்தனை லிட்டர், மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி வண்டியில் வையுங்கள். டிரைவர், மெக்கானிக், தம்பி, மச்சான் யார் போனாலும் அந்த அட்டையோடு போகட்டும்.

2. ஒப்புதல் எண் பொருந்தும் ஆயில்களில் எது மலிவோ, ஊரில் எது நம்பிக்கையாகக் கிடைக்கிறதோ, அதை வாங்குங்கள். எண் பொருந்திய பிறகு பிராண்டுக்காகச் சண்டை வேண்டாம். லிட்டருக்குச் சில நூறு ரூபாய் மிஞ்சினால் அதை நல்ல ஃபில்டருக்குக் கொடுங்கள்.

3. சீல், பேட்ச் எண் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டுப் பழைய கடைக்குப் போடுங்கள். நல்ல டப்பா போலி ஆயில்காரனுக்கு மூலதனம்.

4. 15,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காதீர்கள். வீட்டிலிருந்து கம்பெனிக்கு நாலு கிலோமீட்டர், அங்கிருந்து ஸ்கூலுக்கு மூன்று கிலோமீட்டர், நடுவில் அவிநாசி ரோடு சிக்னலில் ஏசி போட்டு நிற்பது. இதைத்தான் மேனுவல்கள் 'கடுமையான உபயோகம்' என்கின்றன. சூடேறுவதற்குள் நிறுத்தினால் எரியாத எரிபொருளும் ஈரமும் ஆயிலில் கலக்கும். டீசல் வண்டியில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். டீசல் கலக்கிறது என்று அர்த்தம். 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுவதே என் யோசனை.

5. 'டானிக்', 'பூஸ்டர்' என்று தனியாக எதையும் ஊற்றாதீர்கள். ஒப்புதல் பெற்ற ஆயிலில் வேண்டிய மருந்து அளவோடு இருக்கிறது.

6. ஆயில் அளவு பார்க்கும் குச்சியே இல்லாத ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வண்டிகள் நிறைய உண்டு. அதில் குத்துமதிப்பாக ஊற்றாமல், அளந்து ஊற்றி, திரையில் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இறக்கிய கறுப்பு ஆயில் எங்கே போகிறது என்று கேளுங்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். பட்டறை வாசல் சாக்கடையில் விட்டால் அது ஓடையில் இறங்கி நொய்யலுக்குத்தான் வரும். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் விவசாயத் தண்ணீருக்குப் பதில் சாயத்தண்ணீர் தேங்கியதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், அதனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் போனது என்பதையும் பார்த்த தலைமுறை நீங்கள். ஜீரோ டிஸ்சார்ஜ் என்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கற்றுக்கொண்டதை, அஞ்சு லிட்டர் ஆயிலில் மறக்க வேண்டாம். பழைய ஆயிலை முறையாகக் கொடுக்கும் பட்டறைக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

ஆடி வாங்கிய தம்பிக்கு: மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து குரூப்பில் போடு. பிராண்ட் பெயர் சொல்லாமல் எண்ணைப் படித்துக் காட்டுகிறவர்களின் பதிலை மட்டும் கேள். மற்றவர்களும் உங்கள் வண்டியின் எண்ணை எனக்கு எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுதாதவர்கள் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்