பின்னால் சுழலும் விசிறி

மீன்பிடித் தடைக்காலத்தில் காலடிப்பேட்டையிலிருந்து காசிமேடு பக்கம் போனால், பழுதுபார்க்கக் கரையேற்றிய விசைப்படகுகளைப் பார்க்கலாம். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் புரொப்பல்லர் அப்போதுதான் கண்ணில் படும். எல்லாப் படகிலும் அது பின்பக்கம்தான். விமானத்தில் மட்டும் ஏன் பெரும்பாலும் முன்பக்கம்?

தொடக்கத்தில் விமானத்திலும் பின்னால்தான் இருந்தது. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் இரண்டு புரொப்பல்லர்களும் இறக்கைக்குப் பின்னால் சுழன்றன. நம் நாட்டிலும் அப்படி ஒன்று உண்டு. பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் உருவாக்கிய 14 இருக்கை ‘சரஸ்’ விமானம் அது. முதன்முதலில் பறந்தது 2004 மே 29-ல்.

இதில் லாபம் என்ன? இரைச்சல் பயணிகளுக்குப் பின்னால் போய்விடும். புரொப்பல்லர் கலைக்காத காற்று இறக்கையைத் தொடும்.

ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். இறக்கையும் உடற்பகுதியும் கலைத்துவிட்ட காற்றில்தான் பின்புற புரொப்பல்லர் சுழல வேண்டும். அதனால் அதிர்வும், வெளியே இரைச்சலும் கூடும். ஓடுபாதையில் சக்கரம் தெறிக்கவிடும் கல் அதன் அலகில் படலாம். மூக்கைத் தூக்கி மேலேறும்போது வால் தாழும். அலகு தரையில் உரசாமல் இருக்க இடைவெளி வேண்டும். முன்புற புரொப்பல்லர் இறக்கைமீது காற்றை வீசி, குறைந்த வேகத்தில் விமானத்தைத் தூக்க உதவும். பின்னால் வைத்தால் அந்த உதவி கிடைக்காது.

2009 மார்ச் 6 அன்று பெங்களூரை அடுத்த பிடதி அருகே சரஸின் இரண்டாவது மாதிரி விழுந்து, விமானப்படையினர் மூவர் உயிரிழந்தனர். விசாரணை குறை சொன்னது புரொப்பல்லர் இருந்த இடத்தை அல்ல; நடுவானில் நிறுத்திய இன்ஜினை மீண்டும் இயக்க வகுத்த முறை தவறு என்றது. போதிய உயரம் இல்லாதபோது அதைச் செய்ததையும் சுட்டியது. மேம்படுத்திய சரஸ் மறுபடி பறக்க 2018 ஜனவரி 24 வரை ஆனது.

ஆளில்லா விமானத்தில் கணக்கு மாறுகிறது. நம் ‘ருஸ்டம்-1’-இல் புரொப்பல்லர் பின்னால்தான். கேமரா முன்னால் பார்க்கும்போது குறுக்கே விசிறி சுழலாது.

ஆகவே முன்னாலா, பின்னாலா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எதைச் சுமக்க, எங்கே இறங்க என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.