மாடியில் படுக்கை, கீழே மதுக்கூடம்

புதிதாக ஓர் ஊருக்குக் குடிவருவோர்க்கு அவ்வூரைப் பற்றிய முதற்கருத்தைத் தருவது அங்குள்ள கோயிலும் அன்று, கடைத்தெருவும் அன்று. முதல் இரவு தலை சாய்த்த இடமே ஆகும். ஹிஞ்சேவாடிக்கு வேலையின் பொருட்டு வந்திறங்கும் நம்மவருள் பலர், அந்த முதல் இரவை எங்கே கழிக்கின்றனர்? கீழ்த்தளத்தில் ‘பேமிலி ரெஸ்டாரண்ட், பெர்மிட் ரூம்’ என்ற பலகையும், அதற்கு மேலே ‘லாட்ஜிங்’ என்ற பலகையும் தொங்கும் கட்டடங்களிலேயே கழிக்கின்றனர். வாடகை குறைவு, வேலையிடம் அருகில், வீடு பிடிப்பதற்குக் கேட்பது போன்ற பெரிய முன்பணம் இல்லை. ஆதலின் இவ்விடங்களைப் பற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம், அன்பர்களே.

கீழே மது, மேலே படுக்கை என்னும் ஏற்பாடு இன்று தோன்றியது அன்று. இங்கிலாந்தில் அது பல நூற்றாண்டு வழக்கம். ‘ஏல்’ என்பது பார்லி முளையினின்று வடிக்கும் பழைய ஆங்கில மது. அதனை விற்போர் வாயிலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னர் 1393-இல் கட்டளையிட்டார். எழுத்தறியாத வழிப்போக்கனும் படத்தைக் கண்டு உள்ளே நுழைந்தான். சிவப்புச் சிங்கம், வெள்ளை மான் என்றெல்லாம் அந்நாட்டு மதுவிடுதிகள் பெயர் பூண்டிருப்பது அந்த மரபினால்தான். இலண்டன் மாநகரின் சதர்க் பகுதியில் ‘ஜார்ஜ் இன்’ என்ற விடுதி இன்றும் உள்ளது. 1676-இல் நேர்ந்த தீயில் அழிந்து, மறு ஆண்டே எழுப்பப்பெற்ற கட்டடம் அது. முற்றமும், முற்றத்தை நோக்கிய மரத் தாழ்வாரங்களும் அதன் சிறப்பு. முற்காலத்தில் கோச்சு வண்டியில் வந்தோர் கீழே ஏல் அருந்தி மேலே உறங்கினர்.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலேயரின் பழஞ்சட்டம் ‘இன்’ என்னும் தங்கும் விடுதியையும் வெறும் ஏல் கடையையும் வேறு வேறாகவே கொண்டது. இடம் இருக்குமாயின், கூலி கொடுக்க வல்ல வழிப்போக்கன் எவனையும் தக்க காரணமின்றித் திருப்பியனுப்ப விடுதிக்காரனுக்கு உரிமை இல்லை. தங்கியவனின் மூட்டை களவு போயின் அதற்கு ஈடு செய்யும் பொறுப்பும் அவனுடையதே. ஏல் கடைக்காரனுக்கோ அத்தகைய கடமை ஏதும் இல்லை. ஆகவே விடுதிக்கு உயிராக இருந்தது மது அன்று. வந்தவனைக் காக்கும் பொறுப்பே.

மராட்டிய மாநிலத்தில் ‘பெர்மிட் ரூம்’ என்ற பெயர் வந்த வரலாறும் சுவையானது. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டப்படி, மது அருந்துவோர் அதற்கென அனுமதிச் சீட்டு பெற்றிருத்தல் வேண்டும். சீட்டு உடையவர் அமர்ந்து அருந்தும் அறை பெர்மிட் ரூம் ஆயிற்று. மதுவை விலக்க வந்த சட்டமே மதுக்கூடத்திற்குப் பெயரும் சூட்டிவிட்டது! இன்னொன்றும் உண்டு. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் ஆங்கிலேயர் காலத்தில் ஒரு படைமுகாம் இருந்தது. தாயகம் திரும்பும் சிப்பாய்கள் கப்பலுக்காக அங்கே மாதக்கணக்கில் வேலையின்றிக் காத்துக் கிடந்து மனம் பேதலித்தனராம். அவ்வூர்ப் பெயர் சிதைந்து, ‘டூலாலி’ என்று, சித்தம் கலங்கியவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்று. 2009-இல் புனேயில் தொடங்கிய சிறு பீர் வடிசாலை ஒன்று அச்சொல்லையே தன் பெயராகக் கொண்டது. அயலூரில் தனித்துக் கிடப்பவன் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்துகிறது.

சென்ற மழைக்காலத்தில், ஊரிலிருந்து வந்த உறவினருக்குத் துணையாக நாமும் இத்தகைய மாடியறை ஒன்றில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. விரிப்பு தூயதாகவே இருந்தது. குளியலறையில் வெந்நீரும் வந்தது. ஆயின் மாடிப்படி மதுக்கூடத்தின் நடுவே சென்றது. இரவு பத்து மணிக்குமேல் பெண்கள் அவ்வழியே ஏறுவதற்குக் கூசினர். பாட்டொலி நள்ளிரவு கடந்தும் தரையை அதிரச் செய்தது. காலையில் தேநீர் கொணர்ந்த இளைஞர், முன்னிரவில் கீழே பரிமாறிய அவரே. ஒடிசாவிலிருந்து வந்தவராம், மூன்று மணிநேரம் உறங்கினேன் என்றார். மாடியில் படுத்த நாமும், கீழே பரிமாறிய அவரும், ஊரைவிட்டு வந்தவர்களே அல்லரோ!

ஆதலின் இவ்விடங்களை இகழ்ந்து பேசுதல் நமக்கு அழகன்று. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய நம் தாயகத்தில், 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்று வருகிறது. பிறர் வீட்டுத் திண்ணையைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: புதிதாக வருபவருக்கு அந்தப் படியைத் தவிர வேறு படி உண்டா?

நம் முன்னோர் இதற்கு விடை கண்டிருந்தனர். அதிலும் வியப்பு யாதெனில், விடை கண்டவர்களுள் மராட்டியரும் இருந்தனர் என்பதே. புனேயைத் தம் ஜாகீராகக் கொண்டிருந்த சாஹாஜியின் மைந்தர் வெங்கோஜி தஞ்சையில் நிறுவிய அரசு, 1855 வரை நிலைத்தது. அம்மரபினர் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சான்று. அச்சத்திரங்களில் வழிப்போக்கர்க்குச் சோறு கிடைத்தது; நோயுற்றோர்க்கு மருந்து கிடைத்தது; கைக்குழந்தைக்குப் பாலும் கிடைத்தது. இங்கிருந்து சென்றவர்கள் அங்கே நம்மவர்க்கும் சோறிட்டனர். அங்கிருந்து வந்த நாம் இங்கே நம்மவர்க்கேனும் ஒரு பாய் விரிக்கலாகாதா?

சத்திரம் கட்டும் செல்வம் நம் சங்கத்திற்கு இல்லை. அது தேவையும் இல்லை. நம்மிடையே ஓர் அறை மிகுதியாக உடைய குடும்பங்கள் சில உண்டு. அவை மாதத்திற்கு ஒரு முறை, புதிதாக வரும் ஒருவருக்கு மூன்று இரவுகள் இடமளித்தால் போதும். மூன்று நாளில் தங்கும் விடுதியோ பகிர்ந்து வாழும் வீடோ பார்த்துக்கொள்ளலாம். முன்பின் அறியாதவரை எவ்வாறு வீட்டில் சேர்ப்பது என்று சிலர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. வருபவரின் வேலைக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் சங்கம் முன்கூட்டிப் பார்த்து உறுதி செய்யட்டும். குடியிருப்பின் காவலரிடம் முறைப்படி பதிவும் செய்யட்டும். தனியே வரும் பெண்மக்களுக்கு இவ்வேற்பாட்டில் முதலிடம் தருவோம்.

அதுவரை மாடியறையே கதியென வருவோர்க்குச் சில சொற்கள். பகலிலேயே சென்று அறையைப் பாருங்கள். மாடிக்குத் தனிப்படி உண்டா என்று முதலில் கேளுங்கள். தெருவை நோக்கிய அறையை விடுத்து, பின்புறத்து மேல்தளத்து அறையை நாடுங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் இரைச்சல் மிகுதி என்பதை அறிந்து வரும் நாளை வகுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பணத்திற்கு ரசீது பெறுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தை ஊரிலுள்ள பெற்றோருக்கும் நம் சங்கத்திற்கும் அன்றே தெரிவியுங்கள்.

அறை தர இயன்ற குடும்பத்தார் அடுத்த மாதக் கூட்டத்தில் தம் பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்ய வேண்டுகிறோம். பத்துப் பெயர்கள் சேர்ந்தாலும் போதும். மாதந்தோறும் பத்துப் பேர் முதல் இரவில் நிம்மதியாக உறங்குவர்.