இரவும் பகலும் அறியாத பிள்ளை

"பகலெல்லாம் உறங்குகிறான், இரவெல்லாம் விழித்திருக்கிறான்." பிள்ளை பெற்ற வீடுகளில் நாம் தவறாமல் கேட்கும் முறையீடு இது. அண்மையில் நாம் சென்றிருந்த ஓர் இல்லத்தில், மூன்று வாரக் குழந்தையை மடியில் ஏந்தி, இளந்தாய் கண்சிவந்து அமர்ந்திருந்தாள். "என்னிடந்தான் ஏதோ குறை" என்று அவள் சொன்னபோது நமக்கு மனம் பொறுக்கவில்லை. குறை அவளிடமும் இல்லை, குழந்தையிடமும் இல்லை.

பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குகிறது. ஆயின் அவ்வுறக்கம் துண்டு துண்டானது. இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ விரைவில் செரிப்பது. ஆகவே இரண்டு மூன்று மணிக்கொருமுறை பசித்து விழிப்பது இயல்பே. பிறந்தபோதிருந்த எடையை மீண்டும் எட்டும்வரை, நெடுநேரம் உறங்கும் குழந்தையை எழுப்பியேனும் பாலூட்டச் சொல்வர் மருத்துவர். இரவு வேறு, பகல் வேறு என்று அதன் உடல் அறிய இரண்டு மூன்று மாதங்களாகும்.

அதனை நாம் மெல்லப் பழக்கலாம். பகலில் சன்னல் திறந்திருக்கட்டும். பாத்திர ஓசையும் பிள்ளைகளின் பேச்சும் கேட்கட்டும். இரவில் மங்கிய விளக்கு போதும். கொஞ்சலும் விளையாட்டும் வேண்டா. பாலூட்டி, ஏப்பம் விடச்செய்து, ஈரத்துணி மாற்றிக் கிடத்திவிடுக. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் உறக்கத்திற்குத் துணைபுரியும் மெலட்டோனின் மிகுதி. புட்டிப்பால் கொடுக்கச் சொல்லும் அண்டை வீட்டாருக்குப் புன்னகையே விடையாகட்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வில்லத்துப் பாட்டியார், பேரன் உறங்கவேண்டுமென்று வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தார். அன்பினால்தான், ஐயமில்லை. ஆயினும் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன், உயிருக்கே ஊறு செய்யும் நச்சுநோயைத் தரக்கூடும். ஆறு மாதம் நிறையும்வரை, மருத்துவர் தரும் மருந்து நீங்கலாக, தாய்ப்பாலன்றி வேறெதுவும் கூடாது. படுக்கவைப்பதும் மல்லாந்தே இருக்கட்டும். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். முகத்தருகே தலையணை, போர்வை வேண்டா. குப்புறக் கிடத்தினால் நன்றாக உறங்கும் என்பது மெய்தான். உறக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிகுவதும் அவ்வாறு கிடத்தும்போதுதான். உறங்கும் குழந்தை எழுப்பியும் எழாமலோ பால் குடிக்க மறுத்தோ காய்ச்சலாகவோ இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

தாயின் உறக்கத்தை யார் எண்ணுகிறார்கள்? பாலூட்டுவது அவள் ஒருத்தியால்தான் ஆகும். துணி மாற்றுவதும் தோளில் சாய்த்து உலவுவதும் தந்தைக்கும் ஆகும். இரண்டு வாரங்களுக்கு மேலும் அவள் அழுகையும் சோர்வும் தீராவிடில், அதுவும் மருத்துவரிடம் சொல்லத்தக்கதே.

இவற்றையெல்லாம் கேட்ட பாட்டியார், "நாங்கள் வளர்க்காத பிள்ளையா?" என்றார். நியாயந்தான். எனினும் உரைகல்லை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேரனை வாங்கிக்கொண்டார். அவன் தாய் அங்கேயே பாயில் சாய்ந்தாள்.